மின்தாளில் தமிழ் எழுத்து: புள்ளி தெரியும்வரை

சித்திரை விடுமுறைக்குத் திருநெல்வேலிக்குப் போயிருந்தபோது மின்னூல் படிக்கும் என் மின்தாள் வாசிப்பானைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தேன். நாற்பது ஆண்டுகள் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்தவர் அவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார்.

"என்னப்பா இது, மை பற்றாத ப்ரூஃப் மாதிரி இருக்கிறதே! புள்ளி எல்லாம் எங்கே போயிற்று?"

இரண்டு ஆண்டுகளாக அதே கருவியில்தான் படித்துவருகிறேன். ஆங்கில நூல்கள் அதில் கருகருவென்று தெரியும், தமிழ் மட்டும் சாம்பல் பூத்ததுபோல் கிடக்கும். என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டபிறகு அப்படி விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த ஆறு வாரம், மாலை நேரங்களில் செய்து பார்த்தவை இவை.

கருவி 6 அங்குலத் திரை கொண்டது. 1072 × 1448 படப்புள்ளிகள் (பிக்சல்), அதாவது அங்குலத்துக்கு 300. அதில் கேஓரீடர் என்ற கட்டற்ற வாசிப்பு மென்பொருளை நிறுவியிருக்கிறேன். படிப்பவை பெரும்பாலும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் மின்னூல்களும்.

முதல் வாரம், எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: எழுத்தைப் பெரிதாக்கினேன். ஆங்கிலத்தில் இது ஓரளவு பலன் தரும். தமிழில் 'எழுதிக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரே சொல் வரியில் பாதியை அடைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்படி வரிகளை வைத்திருந்ததால் சொற்களுக்கிடையே குளம் குளமாக இடைவெளி விழுந்தது. பக்கத்துக்குப் பன்னிரண்டு வரிகூட நிற்கவில்லை. எழுத்து பெரிதாயிற்று, வெளிறல் அப்படியே இருந்தது.

அடுத்து முன்விளக்கைக் கூட்டினேன். அதனாலும் பயனில்லை. காரணம் திரையின் அமைப்பிலேயே இருக்கிறது. அதற்குள் நுண்ணிய குமிழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மின்னேற்றம் பெற்ற கருப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். 1990களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1997இல் இ இங்க் நிறுவனமாக வளர்ந்த நுட்பம் இது. முன்விளக்கு திரைக்குப் பின்னால் இல்லை, மேலே விழுகிறது. வெள்ளைத் துகளில் பட்டுத் திரும்புவதுபோலக் கருப்புத் துகளிலும் சிறிது பட்டுத் திரும்புகிறது. எனவே விளக்கைக் கூட்டினால் தாள் வெளுக்கும், எழுத்தும் கூடவே வெளுக்கும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்து எவ்வளவோ திருத்தமாகத் தெரிகிறது. இரவில் மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்து, முன்விளக்கைக் கால்பங்குக்குக் குறைத்துக்கொள்கிறேன்.

புதுக் கருவி வாங்கலாமா என்றும் யோசித்தேன். 2013இல் வந்த கார்ட்டா திரைக்கு, முந்தைய பேர்ல் திரையைவிட கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 50 சதவீதம் கூடுதல் மாறுபாடு இருப்பதாக இ இங்க் சொல்கிறது. என்னிடம் இருப்பதே கார்ட்டாதான். நண்பரிடம் வண்ண மின்தாள் கருவி ஒன்று இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வண்ண வடிகட்டி ஒன்று மேலே படிந்திருப்பதால் அதன் தாள் இன்னும் மங்கல். கதை, கட்டுரை படிக்க அது தேவையே இல்லை. புதுக் கருவி எண்ணத்தை அத்துடன் விட்டேன்.

இரண்டாம் வாரம்தான் பெரியப்பாவின் சொல் மண்டையில் உறைத்தது. மை பற்றாத ப்ரூஃப். தொலைபேசியில் கூப்பிட்டு, அச்சில் எழுத்து எப்படிக் கருப்பாக வந்தது என்று கேட்டேன்.

"ஈயத்தில் இருக்கிற கோடு மெலிசுதான் தம்பி. தாளில் அழுத்தும்போது மை ஓரத்துக்கு விரியும். வெட்டுகிறவன் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வெட்டியிருப்பான். தாளில் பார்க்கிற கனம் ஈயத்தில் இருக்காது."

இங்கேதான் எனக்கு வழி திறந்தது. திரையில் மை விரிவதில்லை, குறையத்தான் செய்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11 பாயின்ட் எழுத்துக்கு, அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் ஏறத்தாழ 46 படப்புள்ளி உயரம் கிடைக்கும். எழுத்துருவின் கோட்டுத் தடிமன் அதில் 7 சதவீதம் என்றால் சுமார் மூன்று படப்புள்ளி. வளைவுகள் வழுவழுப்பாகத் தெரிய இரு ஓரங்களையும் மென்பொருள் சாம்பலாக்கிவிடுகிறது. நடுவே முழுக் கருப்பாக மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான். ஆங்கில எழுத்துகளில் நேர்கோடு மிகுதி, அவை படப்புள்ளி வரிசையில் நேராக உட்கார்ந்துகொள்ளும். தமிழோ வளைவும் சுழியுமாக ஓடுவது. ஓரமெல்லாம் சாம்பல்தான்.

எதையும் கண்ணால் பார்த்து "பரவாயில்லை" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒரு சோதனைத் தாள் செய்தேன். எரி–ஏரி, கொடு–கோடு, மணம்–மனம், விரல்–விறல், படி–படீ என்று ஒரு சிறு கோட்டிலோ சுழியிலோ வேறுபடும் இருபது இணைகள். கடைசியில் புள்ளி வைத்த எழுத்துகள் நெருக்கமாக வரும் நான்கு வரிகள். கருவியைக் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டரில் நிறுத்தி, தடுக்காமல் படிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்தளவைக் குறித்துக்கொள்வேன். தொடங்கியபோது அந்த அளவு, கேஓரீடரின் எண்ணில், 28.

முதலில் எளிய குற்றவாளி ஒன்று அகப்பட்டது. ஒரு மின்னூல் மட்டும் மற்றவற்றைவிட மங்கலாக இருந்தது. காலிபர் என்ற மின்னூல் மென்பொருளின் திருத்தியில் திறந்து பார்த்தால், உடல் எழுத்துக்குச் சாம்பல் நிறம் கொடுத்திருந்தார்கள். கருப்பை 0, வெள்ளையை 255 என்று வைத்தால் 68 என்ற அளவு. கணினித் திரையில் அது கண்ணுக்கு இதமாகத் தெரியலாம். என் மின்தாளில் கருப்பிலிருந்து வெள்ளைவரை மொத்தம் 16 படிகள்தான். 68 என்பது கருப்பிலிருந்து நான்கு படி மேலே. ஏற்கெனவே மெலிந்த கோட்டை இப்படி வெளுக்க வைத்தால் என்ன மிஞ்சும்! எல்லா நூல்களிலும் எழுத்து கருப்பாகவே வரவேண்டும் என்று ஒரு வரி பாணிக் கட்டளை எழுதிக் கேஓரீடரின் பாணித் திருத்தக் கோப்புறையில் போட்டேன். நூலோடு வரும் எழுத்துருவையும் அணைத்தேன். அளவு 26க்கு இறங்கியது.

மாறுபாடு என்ற அமைப்பைக் கூட்டியும் பார்த்தேன். ஓரத்துச் சாம்பலை அது கருப்பை நோக்கித் தள்ளுகிறது. இரண்டு மூன்று படி நன்றாக இருக்கிறது. அதற்குமேல் போனால் வளைவெல்லாம் ஏணிப்படியாகிவிடுகிறது.

ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பக்கம் வேகமாகத் திரும்பட்டுமே என்று எழுத்து இணைவு அமைப்பை ஒருநாள் ஒரு படி இறக்கினேன். கொம்பு இடம் மாறி, 'கொடு' உடைந்து, பக்கமே சிதறிவிட்டது. அந்த அமைப்பின் உச்சப் படியில்தான், எழுத்துகளைச் சரியாகக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் முழுமையாக வேலை செய்கிறது. தமிழ் போன்ற எழுத்துகளுக்கு அது கட்டாயம். கை வைக்காதீர்கள்.

மூன்றாம் வாரம் முழுவதும் எழுத்துருக்கள். நோட்டோவின் இரண்டு வகைகள், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், மீரா இனிமை, டிரோ தமிழ் எல்லாவற்றையும் சோதனைத் தாளில் ஓட்டினேன். காகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது டிரோ தமிழ். பழைய புத்தகத்தின் களை அதில் இருக்கிறது. ஆனால் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோட்டில் மெலிந்த இடத்தைத்தான் மின்தாள் முதலில் தின்கிறது. 'ண'வின் சுழிகளை இணைக்கும் கோடு அறுந்ததுபோல் தெரிந்தது. அதற்கு வேறு கன அளவும் கிடையாது. மீரா இனிமையும் ஒரே கனம்தான். முக்த மலருக்கு ஏழு கனங்கள் உண்டு, 200 முதல் 800 வரை. கோடு எங்கும் ஏறத்தாழ ஒரே தடிமனாக ஓடுகிறது. அதன் 500 கனம் என் திரைக்குப் பொருந்தியது. சோதனை அளவு 24.

அப்படியானால் 700 இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. போட்டவுடன் 'ஞ', 'ண', 'இ', 'ஐ' எல்லாம் அடைந்துபோயின. தமிழில் எழுத்தை அடையாளம் காட்டுவது கோடு மட்டுமல்ல, சுழிக்குள் இருக்கும் வெள்ளையும்தான். கோடு தடிக்கத் தடிக்க அந்த வெள்ளை சுருங்குகிறது. புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையே இருக்கும் சந்தும் மூடிக்கொள்கிறது. ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் "தடிமனைக் கூட்டு" என்ற யோசனை நமக்குப் பாதி தூரம்தான் வரும். இதைத் தமிழில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆகவே அழுத்திச் சொல்கிறேன்.

மிச்சம் இருந்தது புள்ளி. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படிப்பவர் இடம் பார்த்து அறிந்துகொண்டார். அந்தப் பழக்கம் நமக்கு இல்லை. புள்ளி மங்கினால் கண் நின்றுவிடுகிறது. நான்காம் வாரம் எழுத்துருவையே திறந்து திருத்துவது என்று துணிந்தேன். இவை பெரும்பாலும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை, மாற்றிப் பயன்படுத்தலாம். மூல எழுத்துருவின் பெயரைக் காப்புப் பெயராகக் குறித்திருந்தால் மாற்றியதற்கு வேறு பெயர் சூட்டவேண்டும். நான் எப்படியும் வேறு பெயரே வைத்துக்கொண்டேன்.

ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துருத் திருத்தும் மென்பொருளில் திறந்தேன். முதல் முயற்சியில், எழுத்து உயரத்தை 1000 அலகாகக் கொண்ட சட்டகத்தில் கோட்டுக்கு 30 அலகு கனம் ஏற்றினேன். முன்பு சொன்ன 46 படப்புள்ளி உயரத்தில் அது ஏறத்தாழ 1.4 படப்புள்ளி. ஞாயிறு என்ற சொல் மைத்துளி கொட்டியதுபோல் வந்தது. 20 வைத்தேன், அதுவும் அதிகம். 12 அலகில், அதாவது சுமார் அரைப் படப்புள்ளியில், சரியாக நின்றது. ஈயத்திலிருந்து மை விரிந்ததுபோல ஒரு மயிரிழை. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது!

புள்ளியை மட்டும் தனியாகக் கவனித்தேன். நான் எடுத்த கோப்பில் மெய்யெழுத்துகள் தனித்தனி உருவங்களாக இருந்தன. 18 மெய்களையும் ஜ், ஷ், ஸ், ஹ், க்ஷ் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, புள்ளியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கி, தலையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தேன். இரண்டு மாலை ஆயின. மூன்றாம் நாள் பார்த்தால், தூக்கிய புள்ளி மேல்வரியின் 'கூ', 'ஞு' ஆகியவற்றின் வாலோடு முட்டுகிறது. நம் எழுத்து மேலேயும் வளரும், கீழேயும் இறங்கும். வரி இடைவெளியைக் கூட்டியபிறகு சரியாயிற்று. ஓரத்து வெற்றிடத்தைக் குறைத்து, இழந்த வரிகளில் சிலவற்றை மீட்டுக்கொண்டேன். வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக நிற்கும்படி மாற்றியதும் அந்தக் குளங்களும் வற்றின.

கடைசிச் சோதனையில் அளவு 22. தொடக்கத்தில் 28இல் படித்த அதே இணைகள்.

வருடிய (ஸ்கேன் செய்த) பழைய நூல்களுக்கு இது எதுவும் உதவாது, அவை படங்கள். மஞ்சளேறிய தாள் மின்தாளில் சாம்பல் பின்னணியாகிறது. அவற்றைக் கணினியில் சுத்தக் கருப்பு வெள்ளையாக மாற்றி, ஓரங்களை வெட்டிவிட்டு ஏற்றுகிறேன். ஆறு அங்குலத்தில் அது இன்னும் சிரமமாகவே இருக்கிறது.

ஆனி மாதம் மறுபடி திருநெல்வேலி போனேன். கருவியைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அமர்ந்துகொண்டேன், பக்கத்தில் இருந்தால் எனக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று. அரைமணி நேரம் சத்தமே இல்லை. பிறகு கூப்பிட்டார்.

"இங்கே பார். 'வந்தான' என்று இருக்கிறது. புள்ளி விட்டுப்போயிருக்கிறதே."

எனக்குத் திக்கென்றது. னகர மெய்யில் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்து அடுத்த வரிகளைப் பார்த்தேன். அங்கெல்லாம் ன் சரியாகவே நின்றது. மடிக்கணினியில் மூலக் கோப்பைத் திறந்தேன். அதிலேயே புள்ளி இல்லை, தட்டச்சு செய்தவர் விட்டிருக்கிறார். பெரியப்பாவின் எதிரிலேயே திருத்தி, கோப்பை மீண்டும் ஏற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, அடுத்த பிழை எங்கே என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.