எதிரணியின் முகம்

இரவு எட்டரை மணிக்கு அலைபேசி அடித்தால், எடுத்துப் பார்க்காமலேயே தெரியும். பத்திரிகை அலுவலகம்தான்.

"சார், இன்னிக்கு மேட்ச் படம் ஒண்ணு வேணும். அகலவாக்கில இருக்கட்டும். பந்தும் தெரியணும், முகமும் தெரியணும். ஒன்பதரைக்குப் பக்கத்தை முடிச்சிடுவோம்."

பள்ளியின் விளையாட்டுச் செய்திகளைப் பத்திரிகைகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. நான் சேர்ந்த புதிதில் படம் எடுப்பது அதில் சேர்த்தி இல்லை. முக்கியமான ஆட்டம் என்றால் பத்திரிகைப் புகைப்படக்காரர் வருவார். ஆட்டக்காரர் பட்டியலை அவர் கையில் கொடுத்து, உட்கார இடம் காட்டிவிட்டால் என் பங்கு முடிந்தது. அப்புறம் அவர் பாதி ஆட்டத்தில் கிளம்ப ஆரம்பித்தார், ஒரே மாலையில் இன்னும் இரண்டு இடங்களுக்குப் போகவேண்டும் என்று. ஒரு கட்டத்தில் வருவதே நின்றுபோனது. அதற்குப் பதில்தான் இந்த அழைப்பு.

2013 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகை தன் முழுநேரப் புகைப்படப் பிரிவு மொத்தத்தையும் கலைத்தது. 28 பேருக்கு வேலை போனது. செய்தியாளர்களுக்கு ஐபோனில் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது பெரிய செய்தியாயிற்று. மற்ற இடங்களில் ஒருவர் ஓய்வு பெறுவார், அந்த நாற்காலியில் வேறு ஆள் வரமாட்டார். இன்றைக்கும் பெரிய ஆட்டங்களுக்கு யாராவது கேமராவோடு போகிறார்கள். பள்ளி மைதானத்துக்குத்தான் ஆள் இல்லை.

முதல் முறை கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தொழிலையும் மெல்லக் கற்றுக்கொண்டேன். உள்ளரங்கில் வெளிச்சம் குறைவு. ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்கு வந்தால்தான் பந்தை அடிக்கும் கை படத்தில் அசையாமல் நிற்கும். அதற்கு லென்ஸை 2.8 வரை திறந்து, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 6400 வரை ஏற்றவேண்டும். படத்தில் கொஞ்சம் புள்ளிபுள்ளியாகப் பொரி விழும், அச்சுத்தாள் அதைத் தாங்கிக்கொள்ளும். தாங்காதது வாட்ஸ்அப் சுருக்கிய படம். அதனால் டாக்குமென்ட்டாக அனுப்புவேன், இல்லையென்றால் மின்னஞ்சல். யார், எந்த அணி, எந்த நிமிடம் என்ற விவரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுவேன். படம் ஒரு கோப்புறையிலும் பெயர் இன்னொன்றிலும் போய்ச் சிக்கினால் இரவு ஒன்பது மணிக்குத் தேட யாருக்கும் நேரமிருக்காது.

இதெல்லாம் கைவந்த பிறகுதான் அந்த இறுதியாட்டம் வந்தது. பெண்கள் வாலிபால். ஐந்தாவது செட் 15-13. நாங்கள் தோற்றோம்.

வாலிபாலில் ஓர் அணியின் முகம் வேண்டுமென்றால் எதிர்ப்பக்க எல்லைக்கோட்டுக்குப் பின்னால் உட்காரவேண்டும். வலைக்கு மேலே எழும்பும் முகம் அங்கிருந்துதான் கிடைக்கும். நான் அன்று முழுக்க எதிரணியின் முதுகுப்புறம் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளைப் படமெடுத்தேன். அணிகள் பக்கம் மாறும்போதெல்லாம் நானும் எழுந்து மாறிக்கொண்டேன். கடைசி செட்டில் எட்டாவது புள்ளிக்கு மாறுவார்கள், அப்போதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைசிப் பந்து எங்கள் பக்கத் தரையில் விழுந்தது. எங்கள் கேப்டன் முட்டி போட்டு உட்கார்ந்ததை எடுத்தேன். என் முன்னால் பன்னிரண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுது சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

எட்டரைக்கு அழைப்பு வந்தது. "ஜெயிச்ச டீம் படம் அனுப்புங்க சார்."

அறுநூறுக்கும் மேலே படம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். அவர்கள் இருந்த படங்களிலெல்லாம் எண்கள்தான். முதுகில் 4, முதுகில் 11, வலைக்கு அடியில் பாதி வெட்டுப்பட்ட ஒரு 7. முகம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பள்ளிக்கு என்னைப் போல ஓர் ஆள் கிடையாது, கேட்டு வாங்கவும் வழியில்லை. கடைசியில் எங்கள் கேப்டன் ஸ்மாஷ் அடிக்கும் படத்தை அனுப்பினேன். மறுநாள் அவர்கள் கோப்பை வென்ற செய்திக்கு மேலே எங்கள் பெண்ணின் முகம் வந்தது.

அந்த அணியின் பயிற்சியாளர் அன்று மாலை அழைத்தார். நான் கோபத்துக்குத் தயாராக இருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சார், எங்க பிள்ளைங்க படம் ஏதாவது உங்ககிட்ட இருக்குமா? பேப்பர்ல வரலைன்னா பரவாயில்லை. அதுங்க வச்சுக்கத்தான் கேக்கறேன்." இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 7-ஆம் எண்ணின் அந்தப் பாதிப் படத்தை அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது.

அதே 2013-இல், நவம்பர் மாதம், 38 செய்தி நிறுவனங்களும் அமைப்புகளும் சேர்ந்து வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதின. அதிபரின் நிகழ்ச்சிகளில் பத்திரிகைப் புகைப்படக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு, அரசுப் புகைப்படக்காரர் எடுத்த படத்தைக் கொடுக்கிறார்கள் என்பது புகார். ஒரு தரப்பு எடுத்துக் கொடுக்கும் படம் செய்தி ஆகாது என்று அவர்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. பள்ளி ஆட்டத்துக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். நான் பொய்ப்படம் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் எங்கே உட்காருவது என்று முடிவு செய்தபோதே நாளைய பக்கத்தில் யார் முகம் வரும் என்பதையும் முடிவு செய்துவிட்டேன். பத்திரிகை ஆள் வந்திருந்தால் ஒரு செட்டாவது அந்தப் பக்கம் போயிருப்பார்.

அதனால் இப்போது செட்டுக்கு ஓர் அணி என்று பிரித்துக்கொள்கிறேன். எடுத்த எடுப்பில் ஒப்புதல் சிக்கல் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் இருக்கிறது. அடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்கு என்னிடம் என்ன இருக்கிறது? சிறு வயதுப் பிள்ளைகள், படத்தோடு பெயரும் பள்ளியும் சேர்ந்து வெளியே போகிறது. ஆட்டத்துக்கு முன்பே அவர்கள் பயிற்சியாளரிடம் போய், யாரையாவது எடுக்கக் கூடாதா என்று கேட்டுவிடுகிறேன். இரண்டு முறை, ஓர் எண்ணைச் சொல்லி வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை, எடுக்கவும் இல்லை.

தலைமையாசிரியர் ஒரு நாள் கூப்பிட்டு, நம் கேமராவில், நம் சம்பளத்தில், அவர்களை ஏன் எடுக்கவேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இறுதியாட்டத்துக்கு மறுநாள் வந்த பத்திரிகையை அவர் மேசையில் வைத்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ரெண்டு பக்கமும் எடுங்க" என்றார்.

ஒன்றில் மட்டும் இன்னும் அடிக்கடி வாதம் வரும். பின்னணியில் இருக்கும் குப்பைத்தொட்டியை அழித்துவிட்டு அனுப்பச் சொல்வார்கள். பள்ளியின் சுவரொட்டிக்கு அழிக்கலாம், பத்திரிகைக்குக் கூடாது. 2003-இல் ஈராக் போரில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக இணைத்ததற்காக லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தன் புகைப்படக்காரரை வேலையை விட்டே அனுப்பியது. ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், அதற்கு மேலே கை வைக்கமாட்டேன். இப்போது ஆட்டத்துக்கு முன்பே போய்த் தொட்டியை நகர்த்திவிடுகிறேன்.

போன மாதம் அதே அணியோடு மறுபடி ஆட்டம். இந்த முறையும் அவர்கள்தான் ஜெயித்தார்கள். கடைசி செட்டில் எட்டாவது புள்ளிக்குப் பக்கம் மாறியபோது நான் இடம் மாறவில்லை. 7-ஆம் எண் வலைக்கு மேலே எழும்பினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, கண் பந்தின்மேல். பட்டியலில் அவள் பெயர் கையெழுத்தில் இருந்தது, ஓர் எழுத்து தெளிவாக இல்லை. எட்டரைக்கு அழைப்பு வருவதற்குள் அவர்கள் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஏழாம் நம்பர் பேர்ல வர்றது ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

"மூணு சுழி சார்," என்றார். "எதுக்குக் கேக்கறீங்க?"