பாங்காக்கில் கிலோமீட்டரை நம்ப வேண்டாம்

சோய் என்பது பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத்தெரு. சுகும்வித் சாலையில் 38-ஆம் சோய்க்கு நேர் எதிரே என்ன இருக்கும்? 37-ஓ 39-ஓ இல்லை, 55. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வடக்குப் பக்கம், இரட்டைப்படை தெற்குப் பக்கம். வடக்கில் சோய்கள் நெருக்கமாக இருப்பதால் அந்த எண்ணிக்கை முந்திக்கொண்டு ஓடுகிறது. முகவரியில் எண்ணைப் பார்த்ததும் எந்தப் பக்கம் என்று முடிவுசெய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சோய்கள் பலவும் முட்டுச்சந்தில் முடியும். ரயில் நிலையத்துக்கு 300 மீட்டரில் விடுதி என்று வரைபடம் காட்டும். உண்மையில் வந்த வழியே பெரிய சாலைக்குத் திரும்பி, அடுத்த சோய்க்குள் நுழைந்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். அறை பதிவு செய்யும்முன் தூரத்தைப் பார்க்காமல் நடை நேரத்தைப் பாருங்கள். சோய் ஆழமாக இருந்தால் அதன் முனையில் ஆரஞ்சு அங்கி போட்ட மோட்டார்சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் நிற்பார்கள். தலைக்கவசம் தராவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஆவதை நிமிடங்களில் முடிப்பது சேன் சேப் கால்வாய்ப் படகு. மன்னர் மூன்றாம் ராமா காலத்தில், 1837-இல், கம்போடியப் போர்முனைக்குப் படைகளை அனுப்ப வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. இன்று அலுவலகக் கூட்டத்தைச் சுமக்கிறது. படகு துறையில் சில நொடிகள்தான் ஒட்டி நிற்கும். கயிற்றைப் பிடித்து, படகின் விளிம்பில் கால் வைத்து, உடனே உள்ளே இறங்கிவிட வேண்டும். பெரிய பெட்டியோடு இது நடக்காது. நடத்துநர் வெளிவிளிம்பில் நடந்தபடியே வந்து காசு வாங்குவார், சில்லறை கையில் இருக்கட்டும். பிரதுநாம் துறையில் படகு மாற வேண்டும், சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஓர இருக்கையில் உட்கார்ந்தால் பக்கவாட்டுத் தார்ப்பாயைக் கயிறு இழுத்து உயர்த்துவது உங்கள் வேலை. எதிர்ப்படகு வரும்போது மறந்தால் அந்தக் கறுப்பு நீர் முகத்தில்தான்.

சாவ் பிரயா ஆறு வேறு கதை. சாதோர்ன் துறையில் நீலக்கொடிச் சுற்றுலாப் படகின் சீட்டுதான் முதலில் கண்ணில் படும். ஊர்க்காரர்கள் ஏறுவது ஆரஞ்சுக் கொடிப் படகில். அதற்குக் கட்டணமும் குறைவு, போகும் தூரம் எதுவானாலும் ஒரே தொகை.

ரயிலில் ஒரு சிக்கல்: மேம்பால ரயிலான பிடிஎஸ்ஸும் சுரங்க ரயிலான எம்ஆர்டியும் தனித்தனி நிறுவனங்கள். பிடிஎஸ்ஸின் அசோக் நிலையமும் எம்ஆர்டியின் சுகும்வித் நிலையமும் ஒட்டியிருந்தாலும் வெளியே வந்து மறுபடி சீட்டு எடுக்க வேண்டும். எம்ஆர்டியில் கறுப்பு டோக்கன். நுழையும்போது தொட்டுக் காட்டி, வெளியேறும்போது துளையில் போட வேண்டும். காலை 8, மாலை 6 மணிக்கு நிலையத்தில் தேசியகீதம் ஒலிக்கும். எல்லோரும் அசையாமல் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

டாக்ஸியின் முன்கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிந்தால் காலி என்று பொருள். ஏறும்முன் “மீட்டர்?” என்று கேளுங்கள், மழை வந்துவிட்டால் பலர் ஒரு தொகையைச் சொல்வார்கள், கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பதே மேல். சுங்கச்சாலைக் காசு பயணியின் செலவு. கோயில் வாசலில் “இன்று மூடியிருக்கிறது” என்று வலிய வந்து சொல்பவர் பின்னால் போனால் ரத்தினக்கடையில் போய் நிற்பீர்கள்.

சைவம் என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக இருக்கும் ‘ஜே’ குறியைத் தேடுங்கள். முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் அதில் கிடையாது. மற்ற கடைகளில் வெறும் கீரை வதக்கலிலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ விழும். “மை சை நம் ப்ளா” என்றால் மீன் சாறு வேண்டாம். நூடுல்ஸ் கடை மேசையில் நான்கு கிண்ணங்கள் இருக்கும்: மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாறு, நான்காவதாக வெள்ளைப் பரல். அது உப்பு இல்லை, சர்க்கரை.