பாரிஸ், பதினோராம் வட்டாரம், நவம்பர்

நவம்பர் 12, 2024
நேற்று விடுமுறை, அதனால் குடியிருப்பு அனுமதி கார்ட் பற்றிய கடிதம் இன்று கட்டாயம் வரும் என்று நினைத்தேன். பெட்டியில் பீட்சாக் கடை விளம்பரம்தான்.

நவம்பர் 13
மதியம் தெருமுனை பிஸ்ட்ரோ, சின்னச் சாப்பாட்டுக் கடை. கரும்பலகையில் இருப்பதுதான் மெனு. முட்டை மயோனெஸ் கேட்டேன், அவித்த முட்டைமேல் மயோனெஸ், வேறெதையும் கேட்கத் தோன்றுவதில்லை இப்போதெல்லாம். மஞ்சள்கரு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மயோனெஸில் கடுகு மூக்கில் ஏற வேண்டும், ஏறவில்லை. ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசு கிடையாது, சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், ஆனாலும் எழும்போது சில்லறை வைத்துவிட்டுத்தான் வருகிறேன். இருக்கிற நிலைமையில் இது தேவையா?

நவம்பர் 14
மழை. வீட்டில் சூப்.

நவம்பர் 17
அலிக்ர் சந்தைப் பக்கம், பாரோன் ரூஜ் என்ற ஒயின் பார். உள்ளே நிற்கவே இடமில்லை, வெளியே பீப்பாய்மேல் கிளாஸை வைத்துக்கொண்டு சிப்பி, எலுமிச்சை, மஸ்கடே வெள்ளை ஒயின். ஒருவர் காலி பாட்டிலோடு வந்து பீப்பாயிலிருந்து ஒயின் நிரப்பிக்கொண்டு போனார், நம்மூரில் செக்கெண்ணெய் வாங்குவதுபோல. ஒரு மணி நேரம் கடிதம் நினைப்பே இல்லை. ஞாயிறு தபால் கிடையாது, அதனாலும் இருக்கலாம்.

நவம்பர் 18
ஷார்ட்டியே. 1896இலிருந்து இருக்கிற உணவுக்கூடம், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசை, கணக்கை மேசைக் காகிதத்திலேயே கிறுக்குகிறார்கள். சுற்றுலாக்காரர்கள் போகிற இடம் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கடுகு இங்கேயும் போதவில்லை.

நவம்பர் 20
ஒயின் பார். சமையலறைக் கதவு திறந்து, "தம்பி, தட்டுகளைக் கெதியாக் கொண்டு வா!" இந்த ஊரின் எத்தனையோ பிரெஞ்சு அடுப்படிகளில் நிற்பது ஈழத்துக்காரர்கள், தெரிந்ததுதான், ஆனாலும் காதில் விழுந்ததும் வாயிலிருந்த ஒயின் உள்ளே இறங்கவில்லை. சிகரெட்டுக்கு வெளியே வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஊரைக்கூடக் கேட்கவில்லை, முதல் கேள்வியே "கார்ட் இருக்கோ?" காத்திருக்கிறேன் என்றேன். "அது வரேக்க வரும்." அப்புறம் மயோனெஸ் பற்றிக் கேட்டேன், வேறென்ன. தானே அடிக்கிறாராம். "முட்டையைக் குளிர்பெட்டியால எடுத்த உடன அடிக்காதேங்கோ, திரிஞ்சு போயிடும்."

நவம்பர் 21
மூன்றாம் வியாழன், போஜொலே நுவோ என்கிற புது ஒயின் வந்துவிட்டது, எல்லாக் கடை வாசலிலும் பதாகை. இந்த இலையுதிர் காலத்துத் திராட்சை, நசுக்காமல் கொத்தாகவே புளிக்க வைத்து அவசரமாக பாட்டிலில் அடைத்தது, வாழைப்பழ வாசனை. பிடிக்கவில்லை. இரண்டு கிளாஸ் குடித்தேன்.

நவம்பர் 22
பெட்டியில் சீட்டு. பதிவுத் தபால், கையெழுத்துப் போட ஆளில்லை, நாளை நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும். அனுப்பியவர் யார் என்று அதில் போடவில்லை. சனிக்கிழமை எத்தனை மணிக்கு மூடுவார்கள்?