அஜித் பாயின் புதிய நாற்காலி

அஜித் பாய் ஞாபகம் இருக்கிறதா? ரீஸஸ் சாக்லேட் பெயர் போட்ட பூதாகரமான காபிக் கோப்பையோடு கூட்டத்துக்கு வருவாரே, அவர்தான். 2001-ல் வெரைசன் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் வழக்கறிஞர். 2012-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியில் உறுப்பினர், 2017-ல் தலைவர். அந்த டிசம்பரிலேயே இணைய சமநிலை விதிகளை, அதாவது இணைய சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற விதிகளை, 3-2 என்ற வாக்கில் தூக்கிவிட்டார்கள். வெரைசன் வகையறாவுக்குக் கொண்டாட்டம்.

இப்போது, 2025 ஏப்ரலில் இருந்து, சிடிஐஏ தலைவர். செல்போன் நிறுவனங்களின் சங்கம் அது. வாஷிங்டனில் அவர்களுக்காக லாபி செய்வதுதான் அதன் முக்கிய வேலை.

அங்கே இவருக்கு முன் இருந்த மெரிடித் பேக்கரும் வழக்கறிஞர், முன்னாள் எஃப்சிசி உறுப்பினர்! அவர் கதை இன்னும் ஜோர். 2011 ஜனவரியில் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட், டிவி-சினிமா நிறுவனமான என்பிசி யுனிவர்சலை வாங்குவதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். நாலைந்து மாதத்தில் காம்காஸ்ட் பக்கமே வேலைக்குப் போய்விட்டார். சட்டப்படி தப்பே இல்லையாம். அதுதான் எனக்கு எரிச்சல்.