பல்லின் மேல் விழுந்த பழி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையில் ஒரு செயின்சாவைக் கொடுத்தார்கள். அதன் செயின் தேய்ந்துபோனதும், பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின், நீளத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போய்ப் புதுசு வாங்கி வந்தேன். 18 அங்குல பாருக்கு 18 அங்குல செயின், அவ்வளவுதானே என்று நினைப்பு. மாட்டினேன், ஓடியது, அறுத்தது. வெட்டுதான் நேராக இறங்கவில்லை. பாதி மரம் போவதற்குள் அரிவாள் மாதிரி வளைந்துவிட்டது.

ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கியிருந்தாலும் வெட்டு வளையும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. அரத்தை எடுத்தேன். வலப்பக்கம் தேய்த்தேன், போதவில்லை என்று இடப்பக்கமும் தேய்த்தேன். புத்தம் புதுச் செயினில் பாதிப் பல்லை நானே தின்று தீர்த்தேன். மூன்றாம் நாள், பழுதுபார்க்கிற அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். அரத்தின் பக்கமே போகவில்லை. செயினை விரலால் இப்படியும் அப்படியும் சாய்த்தார். பாரின் பள்ளத்துக்குள் அது ஆடியது. “பல்லு என்ன தம்பி பண்ணும்? இது 1.3, உன் பார் 1.5” என்றார்.

அவர் சொன்னது கேஜ். செயினின் அடியில் நீட்டிக்கொண்டு, பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கண்ணியான டிரைவ் லிங்கின் தடிமன். பாரில் அது பள்ளத்தின் அகலம். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். தடித்த செயின் மெல்லிய பள்ளத்தில் நுழையவே நுழையாது, அதனால் அந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும். மெல்லியது சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் ஆபத்து.

அப்புறம் பிட்ச். செயினின் கண்ணிகளைக் கோக்கும் ரிவெட்டுகளில் அடுத்தடுத்த மூன்றின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் கிடைப்பது. செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டும் பார் மூக்கில் இருக்கும் சின்னச் சக்கரமும் அதே பிட்சில் இருக்க வேண்டும். டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றாவது. அதே 18 அங்குலத்துக்கு .325 அங்குல பிட்சில் 72 வரலாம், 3/8 அங்குல பிட்சில் 68 வரலாம். பெரும்பாலான பார்களில் இதெல்லாம் இயந்திரத்தோடு சேரும் முனைப் பக்கத்திலேயே பொறித்திருக்கும். என் பாரிலும் இருந்தது, எண்ணெயும் மரத்தூளும் படிந்த அழுக்குக்கு அடியில்.

எண்கள் பொருந்திய பிறகு பல்லின் வடிவம். கூர்மூலை கொண்ட ஃபுல் சிசெல் சுத்தமான, மென்மையான மரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். எனக்கும் அதன் வேகத்தின் மேல் ஒரு மோகம் இருந்தது. ஆனால் நாங்கள் அறுத்ததெல்லாம் மண் ஒட்டிய, காய்ந்த கட்டைகள். ஒரு பிடி மண்ணில் அந்த மூலை போய்விடும். மூலை உருண்ட செமி சிசெல் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஆனால் கூர் நிற்கும். அடிக்கடி உட்கார்ந்து தீட்டுகிற நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் எங்கள் வேலைக்கு அதுதான் வேகம். அகன்ற மூக்குள்ள பார் வேண்டாம் என்பதிலும் பிடிவாதமாக இருப்பேன். மூக்கின் மேல்பாதி மரத்தில் பட்டால் இயந்திரம் முகத்தை நோக்கித் துள்ளும். மூக்கு சிறியதாக இருந்தால் அந்த இடமும் சிறியது.

நீளமான பார் என்பது பாதிக்கு மேல் வீண் ஜம்பம். சிறிய இன்ஜினில் மாட்டினால் செயின் திணறும், நுனிவரை எண்ணெயும் சரியாகப் போகாது. பாரைவிடக் கொஞ்சம் தடித்த மரம் எப்போதாவது வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அறுத்துக்கொள்ளலாம்.

போன மாதம் ஒரு பையன் வந்து, “அண்ணே, 24 அங்குலம் போட்டுத் தாங்க” என்றான். அவன் கையில் இருந்தது சின்ன இயந்திரம். என்ன அறுக்கிறாய் என்று கேட்டேன். கிளைகள்தானாம். 14 அங்குலம் மாட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், முகம்தான் கொஞ்சம் சுருங்கிப்போனது.