விட்டுப்போன பத்து நிமிடம்

மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு மாடி அறையில், தமிழ்ப் பத்திரங்களையும் வாக்குமூலங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் வேலை. சொத்துத் தகராறும் வாடகைத் தகராறும்தான் அதிகம் வரும். கொலை வழக்கு எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை. ஆனாலும் ஒரு கொலைக் கதை என் வேலையை மாற்றியது.

அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட் கொலை', 1926-இல் வெளியான நாவல். மாட்டுங்காவிலிருந்து வரும்போது, ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாட்களில் படித்தேன். கதை சொல்பவர் ஊர் மருத்துவர் ஷெப்பர்ட். துப்பறியும் போய்ரோவின் கூடவே நடக்கிறார். (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கொன்றவர் அந்த ஷெப்பர்ட்தான். மஸ்ஜித் நிலையம் தாண்டும்போது அந்தப் பக்கத்துக்கு வந்தேன். இறங்கியதும் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து நான்காம் அத்தியாயத்தைத் திரும்பப் புரட்டினேன். அந்த இடத்தில் ஒரு பொய்கூட இல்லை. அக்ராய்டுக்குக் கடிதம் வந்தது எட்டு நாற்பதுக்கு; ஷெப்பர்ட் அவர் அறையை விட்டு வெளியேறியது எட்டு ஐம்பதுக்கு. இரண்டும் அடுத்தடுத்த வாக்கியங்கள். கொலை அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. மணியைக்கூட மனிதர் மறைக்கவில்லை. 'இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்' என்று நிரப்பிக்கொண்டது நான்.

அதே மாதம் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்று எரிந்த வழக்கு வந்தது. பங்காளிகளுக்குள் சண்டை. ஒருவர் எழுதிக் கொடுத்திருந்த வாக்குமூலத்தைப் படித்தால் மனம் கரைந்துவிடும். அதில் இரண்டு வரி: 'ஏழு மணிக்குக் கிளம்பினோம். பின்கதவு பூட்டியிருந்தது.' பின்கதவைப் பூட்டிவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினோம் என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன்.

எங்கள் மூத்த மொழிபெயர்ப்பாளர் திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. பென்சில் முனையால் அந்த வரியைத் தட்டினார்.

"பூட்டியது யாரென்று அவர் சொல்லியிருக்கிறாரா அம்மா?"

"இல்லை அண்ணாச்சி."

"அப்புறம் நீ ஏன் சொல்கிறாய்?"

செய்தவரைச் சொல்லாமலே தமிழ் எவ்வளவு இயல்பாக நடக்கிறது! கதவு பூட்டியிருக்கும், சோறு வடித்திருக்கும், வாசல் தெளித்திருக்கும். செய்த கை கண்ணில் படாது. வீட்டுப் பேச்சில் அதனால் குறையொன்றும் இல்லை. வாக்குமூலத்தில் அதே வசதி ஓர் ஆள் நின்றுகொள்ளும் அளவுக்கு இருட்டான மூலை. அவர் அங்கே நின்றாரா, வழக்கமாகப் பேசுவதைத்தான் எழுதினாரா, எனக்குத் தெரியாது. ஆனால் இரக்கப்பட்டு நான் சேர்த்த 'நாங்கள்', அவர் வாயிலிருந்து வராத சாட்சியம். நீதிபதி அதை அவருடைய சொல்லாகவே படித்திருப்பார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வரியைத் திருத்தினேன்: பின்கதவு பூட்டப்பட்டிருந்தது. அவ்வளவுதான்.

இப்போது எந்த வாக்குமூலம் வந்தாலும் முதலில் மணிகளைத்தான் பென்சிலால் வட்டமிடுகிறேன். பிறகு ஆள் இல்லாத வினைகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'யார்?' என்று குறிக்கிறேன். மொழிபெயர்ப்பில் அந்தக் கேள்வி வரக்கூடாது. அது வழக்கறிஞரின் வேலை. மாலையில் தாள்களை உறையில் போடும் முன், அந்த 'யார்?'களை ஒவ்வொன்றாக ரப்பரால் அழித்துவிடுகிறேன்.