முந்நூறு சதுர அடி: நீடாமங்கலத்துப் பக்கம் ஒரு குட்டி வீடு

மே 24, 2025

தஞ்சாவூர் வாடகை வீட்டை இந்த வருஷத்துக்குள் காலி செய்வது என்று முடிவாகிவிட்டது. ஊருக்கே போகிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் மனைக்கட்டு இருக்கிறது. அண்ணன் அதில் ஒரு பகுதியை எனக்கு எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். ஒற்றை ஆளுக்கு 300 சதுர அடி போதும். ஒரு அறை, ஒட்டினாற்போல் சமையல் மேடை, குளியலறை, முன்னால் நாலு பேர் உட்காரத் திண்ணை. பெருக்கித் துடைப்பதிலேயே காலை நேரம் முழுவதும் போகாத ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்று பல வருஷமாக ஆசை.

அண்ணன் மகன் போனில் பேசினான். "அத்தை, எதுக்கு அஸ்திவாரம், அப்ரூவல்னு அலையறீங்க? சக்கரம் வெச்சு செஞ்சுட்டா அது வண்டிக் கணக்குல போயிடும். எங்க வேணா நிறுத்திக்கலாம்." வெளிநாட்டுக் குட்டி வீடுகளின் படங்களும் அனுப்பினான். ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. விசாரிப்போம்.

மே 29

சக்கர வீட்டைப் பற்றி வண்டி பாடி கட்டுகிறவர் ஒருவரிடமும், ஆர்.டி.ஓ. வேலைகள் பார்த்துக்கொடுப்பவர் ஒருவரிடமும் கேட்டேன். கட்டட விதியை விட்டு விலகினால் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் போய் நிற்கிறோம், அவ்வளவுதான். பழைய வேன் ஒன்றை வாங்கி நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது பிரிவு 52. வீட்டு வண்டிக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பட்டறையில் பற்றவைத்து டிராக்டரில் கட்டி இழுக்கும் சமாச்சாரம் இல்லை இது.

நிறுத்துவதுதான் அதைவிடச் சிக்கல். பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் ஒரு வண்டி நின்றால், அதை இழுத்துப் போகச் சொல்லச் சீருடையில் இருக்கும் காவலருக்குப் பிரிவு 127 அதிகாரம் தருகிறது. சரி, சட்டத்தை விடுங்கள். எங்கள் ஊரில் எங்கே நிறுத்துவது? தெரு பத்தடி. கோயில் திடல் திருவிழாவுக்கு வேண்டும். நெல் அடிக்கும் களம் ஊர்ப் பொது. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையிலேயே பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொள்கிறார்கள், அதை யாரும் குறை சொல்வதும் இல்லை. அங்கே கொண்டுபோய் ஒரு வீட்டை நிறுத்த எனக்கு மனசு வராது. அப்புறம் தண்ணீர், கழிவுநீர், கரண்ட் என்று எல்லாவற்றுக்கும் நிலையான ஓர் இடம் வேண்டும். அது நம் சொந்த மனைதான் என்றால் சக்கரம் எதற்கு?

பையனிடம் சொன்னேன். "அப்ப கண்டெய்னர் பாருங்க அத்தை" என்றான்.

ஜூன் 3

கண்டெய்னர். இருபது அடிப் பெட்டி என்றால் எட்டடி அகலம், 160 சதுர அடி. எனக்கு இரண்டு வேண்டும். உள்வேலை எல்லாம் முடித்து ஒன்றுக்கு ஐந்து லட்சம் கேட்கிறார்கள், லாரியும் கிரேனும் தனி.

பணத்தைவிட உயரம்தான் உறுத்துகிறது. வசிக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சாதாரணக் கண்டெய்னரின் உள் உயரம் ஏறக்குறைய 2.39 மீட்டர். உயரம் கூடிய ரகம் வாங்கினாலும் 2.69தான். நம்மூர்ச் சித்திரை வெயிலுக்குக் கூரையில் வெப்பத் தடுப்பு ஒட்டாமல் இருக்க முடியாது. அது இன்னும் இரண்டு அங்குலத்தைத் தின்றுவிடும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் டேப்பைப் பிடித்துக்கொண்டு வழியை அளந்தோம். மெயின் ரோட்டிலிருந்து இறங்கியதும் பாசன வாய்க்கால் பாலம், அடுத்து ஒரு செங்குத்துத் திருப்பம். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் பெயர்ந்து செங்கல் தெரிகிறது. கதிர் அறுக்கும் மெஷின் இடித்ததாம். பெட்டி காலியாக இருந்தால் இரண்டேகால் டன்தான், ஆனால் அதைச் சுமக்கும் லாரியின் நீளத்துக்கு அந்தத் திருப்பம் இடம் கொடுக்காது. லாரித் தளத்தின் மேல் பெட்டி ஏறினால் ஏறக்குறைய 13 அடி உயரம். தெருவில் கரண்ட் கம்பி ஒரு இடத்தில் தொய்ந்து கிடக்கிறது. அக்கா மூங்கில் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளி நின்று கண்ணால் மட்டம் பார்த்தார். "லாரி இதுக்குள்ள நுழையாது டீச்சர்" என்றார். கண்டெய்னர் யோசனை அதோடு போயிற்று.

ஜூன் 9

இன்று முழுக்க வி.ஏ.ஓ. அலுவலகத்தில். குட்டி வீடு கட்ட நினைப்பவர்கள் வீட்டுப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நிலத்தின் வகையைப் பார்க்க வேண்டும். இதைச் சத்தமாகவே சொல்லத் தோன்றுகிறது. வீடு எவ்வளவு சின்னதானாலும் நிலத்துக்குச் சலுகை கிடையாது.

நஞ்சையில் ஒரு மூலையில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் கிராமமானாலும், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47ஏ பிரிவின்படி வேளாண் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். நஞ்சைக்கு ஆட்சியரின் இசைவும் சேர்ந்துகொள்கிறது. மூன்று போகம் விளையும் மண்ணில் அந்தக் கெடுபிடி நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் "வேளாண் மண்டலம் ஆயிட்டுது, இனிமே டெல்டாவுல வீடே கட்டமுடியாது" என்று டீக்கடையில் பேசுவது சரியில்லை. 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது துத்தநாக உருக்காலை, ஹைட்ரோகார்பன் மாதிரியான தொழில்களை.

மலிவு மனை என்று விளம்பரம் வந்தால் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் கேளுங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான், அங்கீகாரமில்லாததை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் கைகொடுத்தது. ஆற்றுப் படுகை, வாய்க்கால் கரைப் பக்கம் போகவே வேண்டாம். புறம்போக்கு என்றைக்கும் புறம்போக்குதான். கோயில் அடிமனை எங்கள் பக்கத்தில் ஏராளம். வீடு நம்முடையது, மண் சாமியுடையது. நியாய வாடகை கட்ட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். வயசான காலத்தில் வாடகை உயருமோ என்ற கவலையோடு இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களுடையது நத்தம். ஆதியிலிருந்தே குடியிருப்பு நிலம், வகை மாற்றம் கேட்க வேண்டியதில்லை. வி.ஏ.ஓ. தம்பி பதிவேட்டைப் பார்த்துச் சொன்னபோது நிம்மதியாக இருந்தது.

திரும்பும்போது கீழத்தெரு வழியாக வந்தேன். அங்கே பல குடும்பங்களுக்கு மனை சொந்தமானது 1971ஆம் ஆண்டுக் குடியிருப்பு உடைமைச் சட்டத்தால். பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்தக் குடிசை நின்ற மண்ணையே உரிமையாக்கிய சட்டம். ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்த வீடுகள் அவை. இன்றைக்கும் கலைஞரின் கனவு இல்லத்தின் அளவு 360 சதுர அடி, அதற்கு அரசு தருவது 3.5 லட்சம். சிறிய வீட்டில் வாழ்வதைப் பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

ஜூன் 16

மேட்டூர் 12ஆம் தேதியே திறந்தாயிற்று. ஊரெல்லாம் குறுவைப் பேச்சு. மேஸ்திரி அதற்கு நடுவிலும் வந்து மனையைப் பார்த்தார்.

சதுர அடிக்கு 2,600 ரூபாய் என்கிறார், பெரிய வீட்டுக்குச் சொல்வதைவிட அதிகம். காரணத்தை நேராகவே சொன்னார். "குளியலறை, சமையல் மேடை, செப்டிக் டேங்க் இதெல்லாம் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கும் ஒண்ணுதானே டீச்சர்? உங்க வீட்டுல செலவு வைக்கிற இடம்தான் இருக்கு, வெறும் இடம் இல்ல." ஆக 7.8 லட்சம். மண் நிரப்புவதும் செப்டிக் டேங்கும் தனி.

இரண்டிலும் கை வைக்கச் சம்மதிக்க மாட்டேன். இங்கே களிமண். கோடையில் விரல் நுழையும்படி வெடிக்கும், ஐப்பசியில் ஊதும். தரைமட்டம் தெருவைவிட மூன்றடியாவது உயர வேண்டும். கார்த்திகையில் தோண்டிய குழியில் உடனே தண்ணீர் ஊறும் ஊர் இது. வெறும் உறை இறக்கி விட்டால் கழிவு நிலத்தடி நீரில்தான் கலக்கும், அடைத்துக் கட்டிய தொட்டிதான் வேண்டும். கூரைக்குத் தகரம் போட்டால் செலவு குறையும் என்றார். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ராத்திரி எத்தனை தகரம் பறந்தது என்று இருவருக்குமே தெரியும். கான்கிரீட்தான் என்று முடிவு செய்தோம்.

ஜூன் 24

அண்ணன் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். விலைக்கு வாங்குவதென்றால் பொதுவாக வழிகாட்டி மதிப்பில் (அரசு நிர்ணயித்த நில மதிப்பு) முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்பதால் தீர்வை 1, கட்டணம் 1 சதவீதம். உச்ச வரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய். அண்ணன்–தங்கைக்கும் இது பொருந்தும்.

ஜூலை 2

அனுமதிக்கு எங்கே போவது என்பதில் எல்லோருக்கும் குழப்பம். ஊராட்சிகளின் பதவிக்காலம் ஜனவரியில் முடிந்துவிட்டதால் தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். ஆனால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் குடியிருப்பு என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் நாமே உறுதிமொழி தந்து, படத்தை ஏற்றி, கட்டணத்தைக் கட்டினால் அனுமதி உடனே வந்துவிடும். கட்டி முடித்ததற்கான முடிவுச் சான்றும் கேட்பதில்லை. உறுதிமொழி நம்முடையது என்பதால் பத்திரத்தில் இருக்கும் அளவும் தரையில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் முதலில் உட்பிரிவுப் பட்டா. விண்ணப்பித்துவிட்டேன்.

கரண்டுக்கு, கட்டும் வரை தற்காலிக இணைப்பு, அதற்குக் கட்டணம் கூடுதல். வீடானதும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்த அளவு வீட்டுக்கு அதைத் தாண்டி அதிகம் போகாது.

வண்டிக்கு இடம்: என் ஸ்கூட்டர் திண்ணையை ஒட்டி. அண்ணன் மகன் காரில் வந்தால் அண்ணன் வாசலில் நிறுத்திக்கொள்வான், பேசியாயிற்று. சர்வேயர் அடுத்த வாரம் வருகிறார். கல் ஊன்றியதும் படத்தைப் போடுகிறேன்.